பிப்பெட் நுனியில் நின்ற சொட்டு

என் வேலைக்காலத்தின் கடைசி நாட்களில் மாணவர்களிடம் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி, "கேக்குதா?" என்பதுதான்.

அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்தினேன். அந்தக் காலமெல்லாம் பாடம் முடிந்ததும், "ஏதாவது கேக்கணுமா?" என்றுதான் சொல்வேன். யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். சிலர் வகுப்பில் கேட்க வெட்கப்பட்டு, நான் வராண்டாவில் நடக்கும்போது பின்னாலேயே வந்து கேட்பார்கள். கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டிய பிறகு, சங்கரன்கோவிலில் என் வீட்டு முன்னறையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, "கேக்குதா? கேக்குதா?" என்று தொடங்கினேன். திரையில் வரிசையாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. அவற்றுக்குக் கீழே, "கேக்குது சார்" என்று எழுதி அனுப்புவார்கள். ஒருவர் எழுதினால் போதும், எனக்கு நிம்மதி. பாடத்தை ஆரம்பித்துவிடுவேன். முடிக்கும்போதும், "எல்லாருக்கும் கேட்டுதா?" என்பேன். கேட்டது என்று பதில் வரும். பழைய கேள்வி என் வாயிலிருந்து என்றைக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

தொல்லையும் வேடிக்கையும் இருந்தன. பனவடலிசத்திரத்துப் பையன் ஒருவன் மைக்கை அணைக்க மறந்துவிட, அணு ஆரத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா ஆட்டுக்குக் குழை ஒடித்தாயா என்று ஏசியது வகுப்பு முழுவதற்கும் கேட்டது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்கவைக்கும் வாத்தியார் என்று எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்கிற ஆசையும் உண்டு.

மூன்றாம் ஆண்டுக்குச் செய்முறைப் பயிற்சி நடத்த வேண்டியிருந்தது. கரைசல் அளக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட், முந்தைய ஆண்டுகளில் நான்கைந்து பேருக்கு ஒன்றுதான்; பலர் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆய்வகத்துக்குப் பிள்ளைகள் வர முடியாது. நான் செய்வதைப் படம் எடுத்து அனுப்புவது என்று முடிவு செய்தோம். லேப் அட்டெண்டர், என்னைவிட மூத்தவர், என் செல்போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். நான் பிப்பெட்டில் கரைசலை உறிஞ்சி எடுத்து, விரலால் அடைத்து, குறிவரை இறக்கி, கூம்புக் குடுவைக்குள் விட்டேன். பிப்பெட் முழுதும் வடிந்த பிறகு அதன் நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அதை என்ன செய்வது என்பதில்தான் கைப்பழக்கம் இல்லாதவர்கள் தவறுவார்கள். எங்கள் ஆய்வகத்தில் இருந்த வகைக்கு அதை ஊதித் தள்ளக்கூடாது. குடுவையின் உட்சுவரில் நுனியைத் தொட்டு எடுத்துவிட வேண்டும். மிச்சம் அங்கேயே நிற்கும். அளவு குறித்தவர்கள் அதையும் கணக்கில் கழித்துத்தான் குறித்திருக்கிறார்கள்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். சரியாக அந்த இடத்தில் அட்டெண்டரின் கை தாழ்ந்து, திரையில் என் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"கடைசில கை கொஞ்சம் எறங்கிட்டு சார். இன்னொரு மட்டம் எடுத்துருவமா?" என்றார்.

"போதும் அண்ணாச்சி. உக்காந்து பாக்கவா போறானுவ?" என்றேன்.

டீ குடிக்கப் போய்விட்டோம்.

மறுநாள் அந்தப் படத்தை வகுப்பில் ஓட்டினேன். முடிந்ததும் வழக்கம்போல, "கேட்டுதா?" என்றேன். அப்போது ஒரு மைக் திறந்தது. விசைத்தறிச் சத்தம் அறைக்குள் பாய்ந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். தறித்தெருவில் போனால் பக்கத்தில் நிற்பவரோடு பேச வாயசைவைத்தான் பார்க்க வேண்டும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "சார், அந்தக் கடைசி..." என்றது. அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. முழுதாக விளங்கிக்கொள்ள நான் காத்திருக்கவும் இல்லை.

"யாரும்மா அது? துண்டு நெய்யுத கிளாஸ் பக்கத்துத் தெருவுல நடக்கு. இது கெமிஸ்ட்ரி. மியூட் பண்ணு தாயி" என்றேன்.

மைக் அணைந்தது. திரை முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக ஏறின. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நாளில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணுக்குத் 'தறி' என்று பெயர் விழுந்துவிட்டதைக் கவனித்தேன். "தறி வந்துட்டா", "தறி ஓடுதா" என்று எழுதினார்கள். கண்டித்திருக்கலாம். கண்டிக்கவில்லை. அந்தப் பட்டத்தின் மூலவர் நான் அல்லவா. அதன் பிறகு அவள் மைக் ஒருநாளும் திறக்கவில்லை. வகுப்பு அமைதியாக நடந்தது. அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்று நம்பும் அளவுக்கு நான் அப்போது மாறியிருந்தேன்.

ஆண்டு முடிவில் செய்முறைக்கு மதிப்பெண் போட வேண்டும். யாரும் செய்யவில்லை. நான் செய்ததில் வந்த அளவுகளை நானே குழுவில் அனுப்பியிருந்தேன். எல்லாரும் அதையே தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாத் தாளிலும் ஒரே எண்கள். அவற்றுக்கு என்ன மதிப்பெண் போடுவது? பிள்ளைகளை வருத்தாதீர்கள் என்று மேலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதற்கும் மேலே போனேன். ஏறக்குறைய எல்லாருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பெண்ணுக்கும் போட்டேன்.

அவ்வளவோடு நின்றிருந்தால், நெருக்கடியான காலம், எல்லாரும் செய்ததுதான் என்று மனதைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அந்த ஆண்டு எங்கள் துறையின் தேர்ச்சி முன்பு எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. கல்லூரியின் தர மதிப்பீட்டுக்காக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். துறைத்தலைவர் என்ற முறையில் எங்கள் பகுதியை நான் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம்: 'செய்முறைப் பயிற்சிக்கு மாற்றாகக் காணொளி விளக்கமே போதுமானது என்பதை மாணவர்களின் மதிப்பெண்கள் மெய்ப்பிக்கின்றன.'

மெய்ப்பித்த மதிப்பெண்கள் நான் போட்டவை. எழுதும்போதே எனக்கு அது தெரியும். ஓய்வுபெறப் போகும் நேரத்தில் ஒரு நல்ல பேரோடு போகலாம் என்று எழுதினேன். பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் அந்த வாக்கியத்தை ஒருவர் மேடையில் வாசித்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அதை மடித்துப் பீரோவில் வைத்தேன்.

ஓய்வுபெற்றேன். லேப் அட்டெண்டர் எனக்குச் சில மாதம் முன்பே ஓய்வுபெற்றிருந்தார். காணொளி போதும் என்று துறையே சொல்லிவிட்டதால் அவர் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. இரண்டு ஆய்வகங்களில் ஒன்றைக் காலி செய்து, மேசைகளைப் பெயர்த்து, பெரிய திரை மாட்டிய வகுப்பறை ஆக்கினார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போய்க் கைதட்டிவிட்டு வந்தேன்.

பிறகு ஒருமுறை பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முதல் பருவச் செய்முறைத் தேர்வுக்கு என்னை வெளித் தேர்வாளராக அழைத்தார்கள். அங்கே அந்தத் தேர்வை நடத்தும் பேராசிரியர் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வயதில் இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். தேர்வு தொடங்குமுன் டீ குடித்துக்கொண்டே புலம்பினார். முன்பெல்லாம் அரசுக் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள்தான் அவருடைய துறைக்குப் பலமாம். இப்போது முதல் பருவத்திலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள், சிலர் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள், கையில் காசு உள்ளவர்கள் தனியார் பக்கம் போய்விடுகிறார்கள், முடிவுகள் சரிந்துகொண்டே வருகின்றன, மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார்கள் என்றார்.

"மார்க் ஷீட்டப் பாத்தா ராக்கெட் விடப் போற பிள்ளைக மாதிரி இருக்கு அண்ணாச்சி. பிப்பெட்டக் கையில குடுத்தா பீப்பி ஊதுத மாதிரில்லா பிடிக்கானுவ. எல்லாம் ஒங்களை மாதிரி மகராசனுக போட்ட மார்க்குதான்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

அந்த எரிச்சலோடு தேர்வறைக்குள் போனேன். ஜன்னலோர மேசையில் ஒரு பெண் நின்றாள். ஒல்லியான பெண். பிப்பெட்டைக் குடுவைக்குள் விட்டு, முழுதும் வடிந்ததும், வாயை வைத்து 'பூ' என்று ஊதினாள். நுனியில் நின்ற சொட்டு குடுவைக்குள் விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி ஊதினாள். அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் நிழல் மேசைமேல் விழுந்ததும் அவள் கை நடுங்கத் தொடங்கியது. அதன் பிறகு, கரைசல் நிறம் மாறியதும் நிறுத்த வேண்டிய இடத்தையும் தாண்டவிட்டாள். அவளுடைய அளவுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை.

வாய்மொழித் தேர்வில், ஏன் ஊதினாய் என்று கேட்டேன். பிப்பெட்டைத் திரும்பிப் பார்த்தாள். எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று கேட்டேன்.

"உங்க ஸ்டூடண்ட்தான் சார்" என்றாள்.

அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தை நான் அதற்கு முன் கவனித்துப் பார்த்ததே இல்லை. மூன்றாம் ஆண்டில் மட்டுமே நான் அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். அந்தக் காலம் முழுக்க அவள் எனக்கு ஓர் எழுத்து போட்ட வட்டம். பெயர்ப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தறிச் சத்தம் நினைவுக்கு வந்தது.

தேர்ச்சிக்குக் கீழே மதிப்பெண் போட்டேன்.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "பாத்துப் போடலாம்லா அண்ணாச்சி? உங்க பிள்ளதான?" என்றார்.

"பாத்துப் போட்டதெல்லாம் போதும்" என்றேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒருவழியாக நேர்மையாக ஒரு காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதுவதற்கு எனக்கு மிகவும் கூச்சமாக இருப்பது இந்த வரிதான். என் தவறுக்கு முழு மதிப்பெண் போட்ட நான், அதே தவறுக்கு அவளை வீழ்த்திவிட்டு, அதை நேர்மை என்று எண்ணி நிறைவோடு தூங்கியபடி ஊர் வந்து சேர்ந்தேன்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கொருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்போம். இப்போது கணினி மையத்தில் முகத்தைக் காட்டினால் போதும் என்றார்கள். தறித்தெரு முனையில் ஒரு மையம் இருக்கிறது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "வாங்க சார்" என்று எழுந்து நின்றாள். மற்றவர்களுக்கு அவள் எழுந்திருக்கவில்லை.

அவள்தான்.

செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கையை ஆட்டாமல், கீழே தாழவிடாமல் பிடித்தாள். இமைக்கச் சொன்னாள். இமைத்தேன். சான்று பதியும் செயலி என் முகத்தை ஏற்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அதற்கிடையில், படிப்பு என்னவாயிற்று என்று கேட்டேன். நின்றுவிட்டதாகச் சொன்னாள். அரியர் எழுத இன்னும் வாய்ப்பு இருக்கிறதாம். அப்பாவும் எழுதச் சொல்கிறாராம். அவளுக்குத்தான் மனம் வரவில்லையாம். செல்போனை மறுபடி என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பி.எஸ்சி.ல ஃபுல் மார்க் போட்டதும் நீங்கதான். எம்.எஸ்சி.ல ஃபெயில் போட்டதும் நீங்கதான். இதுல எது சார் என் மார்க்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான், அன்று ஆன்லைன் வகுப்பில் என்ன கேட்க வந்தாய் என்று கேட்டேன். அவளுக்கு உடனே நினைவு வந்தது. வகுப்பு நேரத்தில் அவள் அம்மாவைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தறியைப் பார்த்துக்கொள்வாளாம். ஓடுகிற தறியை விட்டு நகர முடியாது. போனைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாளாம்.

"பிப்பெட்ல கடைசியா நிக்கிற சொட்டு இருக்குல்லா சார். நெட்ல ஒரு வீடியோல அத ஊதுதாங்க, இன்னொண்ணுல ஊதக்கூடாதுங்காங்க. உங்க வீடியோல அந்த எடத்துல உங்க சட்டைப் பட்டன்தான் தெரிஞ்சுது. நம்ம காலேஜ் பிப்பெட் எந்த வகைன்னு கேக்கலாம்னுதான் மைக்க ஆன் பண்ணினேன்."

இரண்டு படங்களும் சரிதான். ஊதித் தள்ள வேண்டிய வகையும் உண்டு, ஊதக்கூடாத வகையும் உண்டு. எங்கள் மேசையில் இருப்பது எது என்று எந்தப் படத்துக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அவள் கேட்கவில்லை. அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கேட்டால் சிரிப்பார்கள் என்று பயமாம். அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவன் யார் என்று அவள் சொல்லவில்லை.

"கொஞ்ச நாள் லேப்ல நின்னு கை பழக விட்டாங்கன்னா எழுதிருவேன் சார்" என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் செயலி என் முகத்தை ஏற்றுக்கொண்டது. நான் உயிரோடு இருப்பது உறுதியாயிற்று.

மறுநாளே கல்லூரிக்குப் போனேன். இப்போதைய துறைத்தலைவர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். காபி வரவழைத்தார். ஒரு பழைய மாணவி ஆய்வகத்தில் கொஞ்சநாள் பழகிக்கொள்ள இடம் தர வேண்டும் என்று கேட்டேன். அவர் மரியாதையாகவே சொன்னார். இருப்பது ஒரே ஆய்வகம். அதுவும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது, உடன் நிற்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் அமிலங்களுக்கு நடுவே யாரையும் விட முடியாது. அட்டெண்டர் வேண்டும் என்று எழுதிப் போட்டால், உங்கள் துறைதான் காணொளியே போதும் என்று சொல்லியிருக்கிறதே என்று பதில் வருகிறதாம். அந்தப் பதிலை எடுத்துக் காட்டினார். அதில் மேற்கோள் குறிகளுக்குள் என் வாக்கியம் இருந்தது. 'மெய்ப்பிக்கின்றன' வரைக்கும் ஓர் எழுத்து விடாமல் இருந்தது.

"சாருக்குத் தெரியாததா" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. என்னைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். பதிவில் இல்லாதவர்களை உள்ளே விட அங்கேயும் வழியில்லை என்றார். தேர்வன்று நேராக வந்து எழுதலாம், அவ்வளவுதான். எழுதலாம்தான். தொட்டுப் பழகாத கை இரண்டாவது தடவை மட்டும் எப்படி நடுங்காமல் இருக்கும்?

மையத்துக்குத் திரும்பப் போனேன். அன்று நல்ல கூட்டம். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் நேரம். பையன்களும் பெண்களும் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். மின்சாரம் இல்லை; அவர்களுடைய மதிப்பெண்களை அவள் பேட்டரியில் ஓடும் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓரமாக வந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் அறிக்கையைப் பற்றியும் சொன்னேன். ஆய்வகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதை அவள் என் வாயாலேயே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் மதிப்பெண் இரண்டில் எதுவும் உன்னுடையது இல்லையம்மா, இரண்டும் என்னுடையவை என்றும் சொன்னேன்.

முழுதும் கேட்டாள். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "சரி சார்" என்றாள்.

நான் படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். பின்னாலேயே வாசல்வரை வந்தாள். அப்போதுதான் மின்சாரம் வந்திருக்க வேண்டும், தெருவில் எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கின. அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. கொஞ்ச காலமாகவே எனக்குக் காது மந்தம். கையைக் காதுக்கு வைத்து, "கேக்கலம்மா, என்ன?" என்றேன்.

அவள் ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு, உள்ளே காத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்விட்டாள்.